மேலிருந்து முடுக்கிய ஸ்க்ரூ

“பாதையைப் பிடுங்கணும் சார்.”

அந்தப் பட்டறையில் யாரும் வாய் திறந்து கேட்கக் கூடாத ஒன்று உண்டென்றால் அது இதுதான். சம்பளம் கூட்டிக் கேட்கலாம்; முதலாளி சிரித்துவிட்டு மறந்துவிடுவார். லீவு கேட்கலாம், முதலில் மறந்துவிட்டு அப்புறம் சிரிப்பார். ஆனால் ஒரு பொம்மை ரயில் பாதைக்கு ஜல்லி தூவி, மலை எழுப்பி, புல்லும் ஒட்டி முடித்துவிட்டால் அதைப் பிடுங்கச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது. “புல் ஒட்டியாச்சுன்னா அது பூமி. பூமியில கை வைக்காதே” என்று வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

கேட்டவளுக்குப் பட்டறையில் இன்ஜினியரம்மா என்று பெயர். மரியாதைக்கு வைத்ததா, நக்கலுக்கு வைத்ததா என்று சேர்ந்த புதிதில் அவள் யோசித்ததுண்டு. கண்டுபிடித்தால் வருத்தப்பட வேண்டியிருக்கும் என்று தோன்றவே யோசிப்பதை நிறுத்திவிட்டாள்.

அவள் படித்தது கட்டடப் பொறியியல். குடும்பத்தில் முதல் பட்டதாரி. பெரிய பெரிய பாலம் கட்டுவாள், சுரங்கம் குடைவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். கட்டினாள், முழங்கை நீளத்தில். குடைந்தாள், தெர்மாகோலில். ‘ரயில் பாதை போடுற வேலை’ என்று வீட்டில் சொன்னபோது அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. பாதையின் அகலத்தைச் சொல்ல மறந்துவிட்டாள், அவ்வளவுதான். அதன் பலன், சித்தப்பா எப்போது ஊருக்குக் கிளம்பினாலும் போன் செய்து, “உங்க டிபார்ட்மென்ட்டுல சொல்லி ஜன்னல் சீட்டா வாங்கிக் குடும்மா” என்பார். அவளும் “பாக்குறேன் சித்தப்பா” என்பாள். அவளுடைய டிபார்ட்மென்ட்டில் ஜன்னலே சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது என்பதை எந்த வாயால் சொல்வது?

இப்போது தகராறில் மாட்டியிருந்தது, குழந்தைகள் ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்துக்குப் போக வேண்டிய ரயில். ஊசிக்குப் பயந்து அழும் குழந்தை ஒரு பொத்தானை அமுக்கினால், ஸ்டேஷனிலிருந்து ரயில் கிளம்பி, மலையேறி, குகைக்குள் புகுந்து, மறுபக்கம் இறங்கி, திரும்பவும் ஸ்டேஷனுக்கு வந்து நிற்க வேண்டும். பாதையின் அளவு, ஏற்றம், அதைத் தாங்கும் முட்டுக்கட்டைகள் எல்லாம் அவள் போட்ட கணக்கு. பலகையை அறுத்தது தச்சர். புல், மரம், பிளாட்பாரத்தில் நிற்கும் மனிதர்கள் எல்லாம் பட்டறையே புல்லக்கா என்று கூப்பிடுகிற பெயின்டர் அக்காவின் கைவேலை. இந்த ரயில் ஒழுங்காக ஓடினால் மாடியிலிருக்கும் டிசைன் ரூம் அவளுக்கு என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். தலைமை வடிவமைப்பாளர் பதவி, சுழல்கிற நாற்காலி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கதவு. அவள் கல்லூரி முடிக்கும் வரை வீட்டில் படித்தது ஒரு துணித்திரைக்குப் பின்னால். திரையைச் சாத்தினால் சத்தமே வராது, கோபப்பட்டும் பிரயோஜனமில்லை. அதனால் அந்த மாடி அறைக் கதவை மனசுக்குள் எத்தனையோ தடவை சாத்திப் பார்த்திருக்கிறாள். மெதுவாக ஒரு தடவை, படாரென்று பல தடவை.

நேற்று சாயங்காலம் எல்லாப் பெட்டிகளையும் மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். முதலாளி கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும்; முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் கார்டு. கார்டு விசில் ஊதினார். ரயில் கல்யாண ஊர்வலம் மாதிரி அசைந்து கிளம்பியது. ஏற்றம் முடிந்து பாதை சமமாகிற இடத்தில், குகை வாசலுக்குச் சற்று முன்னால், ஒரு தூக்கு தூக்கிப் போட்டது. நடுவில் ஒரு கொக்கி கழன்றது. இன்ஜின் தன் பின்னால் பாதிப் பேர் இல்லை என்பது தெரியாமலே குகைக்குள் போய்விட்டது. கழன்ற பெட்டிகள் சரிவில் பின்பக்கமாக உருண்டு வந்து ஸ்டேஷனில் மோதின. எவ்வளவோ நாளாக ரயிலுக்குக் காத்து நின்ற புல்லக்காவின் பிரயாணிகள், ரயில் வந்துவிட்ட சந்தோஷத்தில் குப்புற விழுந்தார்கள்.

ராத்திரி முழுக்க வெந்துகொண்டிருந்துவிட்டுத்தான் காலையில் வந்து அப்படிக் கேட்டாள்.

“எதைப் பிடுங்கணும்?” என்றார் முதலாளி, காதில் விழாதவர் போல.

“பாதையை. அந்த இடத்துல பலகை முறுக்கிக்கிட்டு நிக்குது. பாருங்க.” இரும்பு ஸ்கேலை எடுத்துத் தண்டவாளத்தின் மேல் வைத்தாள். ஏற்றம் முடிகிற இடத்தில் ஸ்கேல் பூங்காவில் இருக்கும் சீசா மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

“யாரு பலகை முறுக்கிக்கிட்டு நிக்குது?” தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். பணிவு என்பது பக்கத்துப் பட்டறையில் விற்கிற பொருள் என்று நினைக்கிற மனுஷன். “நான் இழைச்ச பலகையில கோலிகுண்டை வெச்சா, எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம அதுக்கே அழுகை வரும்.”

“அப்ப ஸ்கேல் ஏன் ஆடுது அண்ணே?”

“நீ புடிச்சிருக்கியே, அதான். கோவத்துல கை நடுங்குது பாரு.”

“ரெண்டு பேரும் தள்ளி நின்னு சண்டை போடுங்கப்பா” என்றாள் புல்லக்கா. “உங்க மூச்சுக் காத்துல என் புல்லு பறக்குது.”

முதலாளி விசிலைத் தடவிக்கொண்டார். “நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி டாக்டரம்மா பாக்க வராங்க. பாதிப் பெட்டியைக் கழட்டிடு. குட்டி ரயிலா ஓட்டிக்கலாம்.”

“அவங்க கேட்டது முழு ரயில் சார். நாளைக்கு ஒரு புள்ள பட்டனை அமுக்கி, ரயில் பின்னாடி வந்து ஸ்டேஷனை இடிச்சா?”

“சிரிக்கும். ஊசி போடப் போற புள்ள சிரிச்சா நல்லதுதானே?”

இந்த இடத்தில் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. கோபம் வந்தால் அவளுக்குக் குரல்தான் முதலில் ஓடும். புத்தி பஸ் பிடித்துப் பின்னால் வரும். “பலகை தப்பு! பலகை போட்டவர் தப்பு! நான் இதை எங்க வேணா சொல்லுவேன்!” என்று கத்தினாள். வாசலில் வண்டியிலிருந்து ப்ளைவுட் இறக்கிக்கொண்டிருந்த கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தச்சரை வெளியே அனுப்ப முதலாளிக்கு வெகுநாளாக ஒரு சாக்கு தேவைப்பட்டது. மரத்தூள் மூச்சை அடைக்கிறது, சுவரில் ஓட்டை போட்டு ஃபேன் மாட்டுங்கள் என்று தினமும் காலையில் தச்சர் வணக்கம் சொல்வதற்குப் பதிலாகச் சொல்லிவந்தார். “படிச்ச இன்ஜினியரே சொல்லியாச்சு” என்றார் முதலாளி. “அப்புறம் நான் என்ன பண்றது? நீங்க வேற இடம் பாத்துக்கங்க.”

தச்சர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை என்பதால் பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. உளிகளைத் துணியில் சுருட்டிக் கட்டினார். “கோணல் பலகைன்னு சொல்லிட்டீங்க. சரி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயித்துவிட்டாள். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஜெயித்துவிட்டோமோ என்று ஒரு நெருடல் எழுந்தது. அதற்குள் முதலாளி மாடி அறைச் சாவியை அவள் கையில் வைத்துவிட்டார். “இனிமே அது உன் ரூம். ஆனா பிடுங்குறது கிடுங்குறது எல்லாம் கிடையாது. அடியில போய் எதையாவது முட்டுக் குடுத்துச் சமாளி.”

அடியில் போவது. அங்கேதான் அவளுக்கு வினை.

அவள் அப்பா லாரி மெக்கானிக். அவருடைய முகத்தைவிட லாரிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பாதங்களைத்தான் அவள் சின்ன வயதில் அதிகம் பார்த்திருக்கிறாள். “நீ படிச்சா எதுக்கு அடியிலயும் படுக்க வேண்டாம்டி” என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தாள். அந்த ஒரு வரி அவள் தலைக்குள் போய்ச் சட்டமாகவே உட்கார்ந்துவிட்டது. மேஜைக்கு அடியில் பேனா உருண்டு போனால்கூட வேறு பேனா எடுத்துக்கொள்கிற ஜாதி அவள். இந்த லட்சணத்தில் பட்டறைக்கே விதி போட்டவளும் அவள்தான்: முட்டுக்கட்டையின் தலையில் ஒரு சின்னக் கட்டையை ஒட்டு, அந்தக் கட்டை வழியாகக் கீழேயிருந்து மேலே ஸ்க்ரூவை முடுக்கி, பாதைப் பலகையைப் பிடி. அப்போதுதான் மேலே தண்டவாளமும் ஜல்லியும் புல்லும் வந்த பிறகும் அடியில் படுத்து ஸ்க்ரூவைத் தளர்த்தலாம், ஏற்றலாம், இறக்கலாம். மேலேயிருந்து முடுக்கினால் ஸ்க்ரூவின் தலை மண்ணுக்குள் புதைந்துவிடும், அப்புறம் அதைக் கடவுளாலும் கழற்ற முடியாது. இதை விளக்கி அவள் பேசிய பேச்சைக் கேட்டுப் புல்லக்கா கைதட்டியே விட்டாள். பேசியது அவள், படுத்தது மற்றவர்கள்.

இன்றைக்கு வேறு ஆளில்லை. ஆளைத்தான் இவள் விரட்டியாயிற்றே. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, துப்பட்டாவைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மல்லாந்து ஊர்ந்து போனாள். மூக்கில் மரத்தூள் இறங்கியது. தச்சர் கேட்ட ஃபேன் எதற்கு என்று நன்றாகவே புரிந்தது. தலைக்கு மேல் முட்டுக்கட்டைகள் வரிசையாக, ஒவ்வொன்றின் தலையிலும் சின்னக் கட்டை, ஒவ்வொரு கட்டையிலும் ஸ்க்ரூவின் தலை கீழ்நோக்கிப் பளபளவென்று. அழகாகத்தான் இருந்தது. ‘என் விதி’ என்று ஒரு பெருமை கூட வந்தது.

ஏற்றம் முடிகிற இடத்துக்கு வந்தாள். அங்கே நின்ற முட்டுக்கட்டையின் தலையில் சின்னக் கட்டையைக் காணோம். முட்டு நேராகப் போய்ப் பலகையை முட்டிக்கொண்டு நின்றது. அப்படியென்றால் ஸ்க்ரூ மேலேயிருந்து இறங்கியிருக்கிறது. எந்த மடையன் செய்த வேலை இது என்று வாயில் டார்ச்சோடு திட்டப் போனவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மடையன் இல்லை, மடைச்சி. அந்த முட்டுக்கட்டை வைத்த அன்றைக்குப் பட்டறையைச் சுற்றிப் பார்க்க நாலு பெரிய மனிதர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். இவளும் புது டிரெஸ். ஒரே ஒரு முட்டுதான் பாக்கி. அவர்கள் முன்னால் மல்லாந்து படுத்துக் காலை நீட்டுவதா? நின்றபடி மேலேயிருந்து, ட்ரில்லைத் துப்பாக்கி மாதிரி பிடித்து, ஒரே அழுத்தில் முடுக்கினாள். வந்தவர்களில் ஒருவர் “வெரி குட்” என்றார். அந்த வெரி குட்டை அன்று வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போனது இப்போது நினைவுக்கு வந்தது.

கோளாறும் இப்போது தெளிவாகத் தெரிந்தது. ப்ளைவுட் பட்டைக்குச் சொந்தமாக ஒரு சுபாவம் உண்டு. ஏற்றத்திலிருந்து சமத்துக்கு அதைத் தன்போக்கில் விட்டால் இன்னும் கொஞ்சம் மேலே போய், வில் மாதிரி நிதானமாக வளைந்து இறங்கும். வளைவு வருகிற இடத்தில் முட்டுக் கொடுக்காமல் சற்றுத் தள்ளிக் கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் தாங்கத்தான் கொடுக்க வேண்டும், இழுத்துக் கட்டக் கூடாது. இவளுடைய ஸ்க்ரூவோ பலகையின் பிடரியைப் பிடித்துக் கீழே அமுக்கி வைத்திருந்தது. வளைவாகச் சமத்துக்கு வர வேண்டிய பாதை அங்கே முழங்கால் முட்டி மாதிரி மடங்கி நின்றது. ஏற்றமும் சமதளமும் சேரும் இடத்தை மூலையாக விடாதே, வளைவாக்கு என்று கல்லூரியில் ஒரு முழுப் பாடமே இருந்தது. அதில் வகுப்பிலேயே முதல் மார்க் யார் என்பதைச் சொல்லி அவளை மேலும் அசிங்கப்படுத்த வேண்டாம்.

கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தாள். படுப்பதுதான் அவளுக்கு லாயக்கான வேலை என்று தோன்றியது.

அப்புறம் கையை நீட்டி, புல்லக்காவிடம் இரும்பு அறுக்கிற ரம்பத் தகட்டைக் கேட்டு வாங்கினாள். பலகைக்கும் முட்டுக்கும் நடுவில் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி மயிரிழை இடைவெளி உண்டாக்கினாள். தகட்டை அதில் நுழைத்து, புதைந்த ஸ்க்ரூவின் கழுத்தை அறுத்தாள். கண்ணில் தூள் விழுந்தது. வாயில் விழுந்தது. விழாத இடமில்லை. கடைசி இழை அறுந்ததும் ‘டப்’ என்று பலகை தன்பாட்டுக்கு மேலே எழும்பி நின்றது. முட்டின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கட்டையை, எழும்பிய பலகையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற உயரத்தில் வைத்து, கீழேயிருந்து முடுக்கினாள். இழுக்காமல், சும்மா ஒரு பிடிமானத்துக்கு. மேலே ஜல்லியில் லேசாகக் கீறல் விட்டிருந்தது. புல்லக்கா ஒரு சொட்டுப் பசை விட்டு மூடினாள். எந்தப் பூமியையும் பிடுங்க வேண்டியிருக்கவில்லை. காலையில் போட்ட அத்தனை சத்தமும் தண்டம்.

எல்லாப் பெட்டிகளையும் மாட்டி ஓட்டினாள். ரயில் மலையேறியது, திரும்பியது, குகைக்குள் போனது, வெளியே வந்தது. பிரயாணிகள் யாரும் விழவில்லை.

“பாத்தியா? இதான் படிப்பு!” என்று முதலாளி விசில் ஊதினார்.

“சார், பலகை சரியாத்தான் இருந்துச்சு. நான் மேலேருந்து ஸ்க்ரூ போட்டதுதான் தப்பு. அண்ணனைத் திருப்பிக் கூப்பிடுங்க.”

முதலாளி விசிலை வாயிலிருந்து எடுத்தார். “இதை வேற யார்கிட்ட சொன்ன?”

“இன்னும் யார்கிட்டயும் இல்ல.”

“ரொம்ப நல்லது. பலகை கோணல், ஆளை மாத்திட்டோம், இன்ஜினியர் சரி பண்ணிட்டாங்க. இதான் டாக்டரம்மாகிட்ட நான் சொல்லப் போறது. எங்க இன்ஜினியரே தப்புன்னு வெளிய போச்சுன்னா அடுத்த வேலையை யாரைக் காட்டி எடுப்பேன்? உனக்குச் சொல்லியே ஆகணும்னா சொல்லு. சொல்லிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிடு. சாவியை மட்டும் குடுத்துட்டுப் போ.”

சாயங்காலம் தச்சருக்குப் போன் போட்டாள்.

“யாரு, இன்ஜினியரம்மாவா? சொல்லுங்க. உங்க வீட்டுக் கதவும் கோணலா இருக்குதா?”

“அண்ணே, தப்பு என்னோடது. ஸ்க்ரூ...”

“அது எனக்குத் தெரியுமே.”

“தெரிஞ்சா ஏன் அப்பவே சொல்லல?”

“ஸ்க்ரூவா ஆணியான்னு எனக்கென்ன தெரியும்? என் பலகை இல்லைன்னு தெரியும். புல்லக்கா புல்லு ரயிலைத் தூக்கிப் போடாது. மிச்சம் யாரு?”

“திரும்பி வாங்கண்ணே. நான் சார்கிட்ட பேசுறேன்.”

“அந்தத் தூசிக்கா? என் மூக்கு இன்னிக்குத்தான் நிம்மதியா இருக்கு. நாற்காலி செய்யுற கடையில ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. மத்தியானம் போய் நின்னேன். எனக்கு முன்னாடி ப்ளைவுட்காரர் போய்ச் சொல்லிட்டாராம், பலகை கோணலாப் போட்டு வெளிய அனுப்பிட்டாங்கன்னு. யோசிச்சுச் சொல்றோம்னு அனுப்பிட்டாங்க.” ஒரு செருமல் செருமினார். “இந்த வயசுல எனக்குக் கோணல் பலகைக்காரன்னு பேரு. நல்லாருக்கு இல்ல?”

“மன்னிச்சுடுங்கண்ணே.”

“போன்லயா? கத்துறப்ப ஊருக்கே கேக்குற மாதிரி கத்துற, மன்னிப்பு மட்டும் காதுக்குள்ளயா? யார் யார் காதுல அது விழுந்துச்சோ அவங்க காதுல இதையும் போடு. வெச்சுடவா?” வைத்தேவிட்டார்.

அவரை அவளுக்கு நேற்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்கவில்லை. பிடித்த மனுஷனுக்காக வேலையை விட்டால் அதில் ஒரு காவியக் களையாவது இருக்கும். இதில் அதுவும் இல்லை.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து, மாடி அறையைத் திறந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி சொன்னபடி சுழன்றது. எழுந்து போய்க் கதவைச் சாத்திப் பார்த்தாள். கெட்டியான கதவு, சத்தம் மனசில் கேட்டதைவிட நன்றாகவே வந்தது. இன்னொரு தடவை சாத்தினாள். அப்புறம் சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கி, ப்ளைவுட் கடைக்காரருக்குப் போன் செய்து, டாக்டரம்மா வருகிற நேரத்துக்கு ஒரு பலகை கொண்டுவரச் சொன்னாள். எதற்கு என்று அவர் கேட்டார். வாருங்கள், சொல்கிறேன் என்றாள்.

டாக்டரம்மா வந்தார். பொத்தானை அவரே அமுக்கினார், விரலை எடுக்க மனசில்லாமல். முழு ரயிலும் மலையேறி இறங்கி வந்து நின்றது. “நேத்து போன்ல ஏதோ பிரச்சினைன்னீங்களே?” என்றார்.

“ஒண்ணுமில்ல மேடம்” என்று முதலாளி ஆரம்பித்தார். “பலகை கொஞ்சம் கோணல். தச்சரை...”

“பலகை கோணல் இல்லை.”

பஸ்ஸில் வரும்போது மூன்றே வாக்கியத்தில், தலை நிமிர்ந்து, கண் கலங்காமல் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருந்தாள். வாயைத் திறந்ததும் வந்தது கல்லூரிப் பாடம். வளைவு என்றாள், ப்ளைவுட்டின் சுபாவம் என்றாள், ஸ்க்ரூவின் தலை என்றாள். காற்றில் கையால் ஏற்றம் வரைந்தாள். புல்லக்கா கொட்டாவியை விழுங்கினாள். டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பிரயாசைப்படுவது தெரிந்தது. கடைசியில்தான் சொல்ல வேண்டியது வந்தது: “தச்சர் அண்ணன் போட்ட பலகை ரசமட்டம் மாதிரி நேர். தப்பு பண்ணது நான். பண்ணிட்டு அவர் மேல கத்தினதும் நான்.”

“எங்க ஆஸ்பத்திரியில தப்பு நடந்தா இவ்வளவு நீளமா யாரும் சொல்றதில்லை” என்றார் டாக்டரம்மா. பாராட்டா, புகாரா தெரியவில்லை.

“அப்ப என் ப்ளைவுட்டு நல்ல ப்ளைவுட்டுதானே?” என்றார் கடைக்காரர், வாசலில் பலகையோடு நின்றபடி.

“நல்ல ப்ளைவுட். நல்ல தச்சர். நாற்காலிக் கடையில போய் இதை இன்னிக்கே சொல்லணும் நீங்க. நேத்து அதைச் சொல்ல ஓடினீங்க இல்ல, அதே வேகத்துல.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “இப்பவே அந்தப் பக்கம்தான் போறேன்” என்றார்.

முதலாளியின் முகம் சிவந்து, விசில் தொங்கிய கயிறு கழுத்தை இறுக்குவது போலிருந்தது. இவள் டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். “தண்டவாளத்தைக் காய்ஞ்ச துணியால துடைக்கச் சொல்லுங்க மேடம். தண்ணி படக் கூடாது. ரயில் எங்கயாவது தூக்கிப் போட்டா மேல கை வைக்காதீங்க, அடியில ஆளை அனுப்புங்க. எல்லா ஸ்க்ரூவும் கீழ்ப்பக்கம்தான் இருக்கு, யார் வேணா தளர்த்தலாம்.” பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். நன்றாகத்தான் நடந்தாள். முதுகு கூட நேராக இருந்தது.

“ஏம்மா!” என்றார் முதலாளி பின்னாலிருந்து.

திரும்பக் கூடாது என்றுதான் நினைத்தாள்.

“அந்த ஸ்க்ரூடிரைவர் பட்டறையோடது.”

குனிந்து பார்த்தாள். பேச்சு முழுக்க அதைத்தான் ஆட்டி ஆட்டிக் காற்றில் வரைந்திருக்கிறாள். திரும்ப உள்ளே நடந்து, எல்லோரும் பார்க்க மேஜையைச் சுற்றிப் போய், அதன் இடத்தில் அதை மாட்டினாள். புல்லக்கா தலையைக் குனிந்துகொண்டு ஒரு பிரயாணியை நிமிர்த்தி வைத்தாள். தோள் குலுங்கியது, சிரிப்பா அழுகையா என்று இவள் நின்று பார்க்கவில்லை. மறுபடியும் அதே வழியாக, இந்தத் தடவை வெறுங்கையோடு, வெளியே போனாள்.